மீதியை வெள்ளித்திரையில் காண்க: படத்தின் முடிச்சை அவிழ்க்காமல் குழுவில் பேசுவது எப்படி?

அப்பாவின் தகரப் பெட்டியில் நாற்பதுக்கும் மேற்பட்ட பாட்டுப் புத்தகங்கள் இருக்கின்றன. இளவயதில் படம் பார்க்கப் போனபோதெல்லாம் கொட்டகை வாசலில் வாங்கிச் சேர்த்தவை. விரல் பட்டால் உதிரும் மலிவுக் காகிதம். முன்பக்கம் நடிகர் பட்டியல், உள்ளே பாட்டு வரிகள், நடுவே ஒரு பக்கத்துக்குக் கதைச் சுருக்கம். நாயகன் மீது கொலைப்பழி விழும் இடத்திலோ, நாயகி நள்ளிரவில் வீட்டைவிட்டு இறங்கும் இடத்திலோ அந்தச் சுருக்கம் நின்றுவிடும். ‘அவள் தப்பினாளா? உண்மைக் குற்றவாளி யார்? மீதியை வெள்ளித்திரையில் காண்க.’ எட்டு வயதில் எழுத்துக்கூட்டி அதைப் படித்துவிட்டு, மீதியைச் சொல்லச் சொல்லி அப்பாவை நச்சரித்திருக்கிறேன். அவர் மூன்று முறை பார்த்த படமாக இருக்கும். ஆனாலும் வாய் திறக்கமாட்டார். “டிவியில் போடும்போது பாரும்மா” என்பார்.

நான் கோவில்பட்டியில் ஓர் இரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை செய்கிறேன். 2017-இல் இருந்து ஒரு சினிமா வாட்ஸ்அப் குழுவுக்கு நிர்வாகியாகவும் இருக்கிறேன். இருநூற்றுச் சொச்சம் பேர். தீப்பெட்டி ஆலையில் வேலை பார்ப்பவர்கள், பஸ் நடத்துநர்கள், இரவுப்பணி நர்சுகள், கைக்குழந்தைக்காரர்கள், துபாயிலும் சிங்கப்பூரிலும் இருக்கும் நம் ஊர்ப் பிள்ளைகள். இவர்களில் முதல் நாளே படம் பார்ப்பவர்கள் முப்பது பேர் இருந்தால் அதிகம். மற்றவர்களுக்கு விடுமுறை வர வேண்டும், சம்பளம் வர வேண்டும், பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஆள் வர வேண்டும். கீழே எழுதியிருப்பவை அனைத்தும் கடைசியாகப் படம் பார்க்கப்போகும் அந்த ஆளை மனத்தில் வைத்து, பல சண்டைகளுக்குப் பிறகு நாங்கள் வகுத்துக்கொண்டவை.

பெரிய சண்டை 2024 ஜூனில் நடந்தது. ‘மகாராஜா’ ஜூன் 14, வெள்ளிக்கிழமை வெளியானது. எனக்கு ஞாயிறுதான் விடுமுறை. அப்பாவோடு போவதாக ஏற்பாடு. சனிக்கிழமை காலை ஒரு பெரியவருக்கு இரத்தம் எடுத்துக்கொண்டிருந்தேன். கையுறையோடு இருந்ததால் போனைத் தொடவில்லை. அது மேசைமேல் மல்லாந்து கிடந்தது. திரை ஒளிர்ந்தது. குழுவில் ஒரு தம்பி எழுதியிருந்த இரண்டு வரி, பூட்டிய திரையிலேயே முழுதாகத் தெரிந்தது. அந்தப் படத்தின் உயிர்நாடியே அந்த இரண்டு வரிதான். ஊசியை உருவிப் பஞ்சு வைக்கிறேன். மனம் அங்கே இல்லை.

மறுநாள் போனோம். காணாமல்போன ‘லட்சுமி’யைக் கண்டுபிடித்துத் தரச் சொல்லி நாயகன் காவல் நிலையத்துக்கு வருவான். அந்தக் காட்சிகளில் அரங்கம் முழுக்கச் சிரித்தது. அப்பா வேட்டி நுனியால் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். என்னால் முடியவில்லை. அவன் எதற்காக வந்திருக்கிறான் என்பது எனக்குத் தெரியுமே. முன்பாதியில் சிரிக்க வைத்துப் பின்பாதியில் அந்தச் சிரிப்புக்காகவே நம்மைக் குற்ற உணர்வில் தள்ளுவதுதான் அந்தப் படத்தின் கட்டுமானம். காட்சிகளின் வரிசையை மாற்றி மாற்றி அடுக்கி, இயக்குநர் நித்திலன் சாமிநாதன் அதற்காகத்தான் உழைத்திருக்கிறார். அந்த உழைப்பு அப்பாவுக்குப் போய்ச் சேர்ந்தது. பக்கத்து இருக்கையில் இருந்த எனக்குச் சேரவில்லை. அதே படம் ஐந்து மாதம் கழித்து, நவம்பர் 29 அன்று சீனாவில் திரைக்கு வந்தது. அங்கே முதல் காட்சிக்குப் போனவர்களுக்கு அது புத்தம்புதிய படம்.

எதைச் சொன்னால் கதை உடையும்?

கொலைகாரன் யார், கடைசியில் யார் சாகிறார் என்பது மட்டும்தான் ரகசியம் என்று பலர் நினைக்கிறார்கள். நம் படங்களில் உடைவதற்கு வேறு இடங்களும் உண்டு. முதலாவது இடைவேளைக் காட்சி. இடைவேளை இல்லாத நாடுகளில் இந்தச் சிக்கலே இல்லை. நம் இயக்குநர்களோ படத்தின் பாதி பலத்தை அந்த ஒரு நிமிடத்தில் வைக்கிறார்கள். இரண்டாவது கௌரவத் தோற்றம். விளம்பரத்தில் சொல்லாத ஒரு நடிகர் திடீரென்று வந்து நிற்கும்போது எழும் கூச்சலுக்காகவே சிலர் டிக்கெட் எடுக்கிறார்கள். படக்குழுவே முன்கூட்டி அறிவித்திருந்தால் தாராளமாகப் பேசலாம். அறிவிக்காத பெயரை நீங்கள் அறிவிக்க வேண்டியதில்லை. மூன்றாவது, பெயர்கள் ஓடி முடிந்த பிறகு வரும் அடுத்த பாகத்துக்கான துண்டுக் காட்சி.

இவற்றைவிட நுட்பமான ஒன்று இருக்கிறது. “கடைசிப் பத்து நிமிடத்தில் ஒரு திருப்பம் வருகிறது, சத்தியமாகச் சொல்லமாட்டேன்” என்று எழுதுவது. நல்ல எண்ணத்தில்தான் எழுதுகிறார்கள். ஆனால் அதைப் படித்தவர் இரண்டு மணி நேரமும் திரையைச் சந்தேகத்தோடு பார்ப்பார். யார் நல்லவராக வந்தாலும் ‘இவராகத்தான் இருக்கும்’ என்று கணக்குப் போடுவார். திருப்பம் உண்டு என்பதே அவர் அறிந்திருக்கக் கூடாத செய்தி. “அந்த நடிகையை நம்பாதே” போன்ற குறிப்புகளும் இதே வகை.

எங்கள் அளவுகோல் எளிது. பாட்டுப் புத்தகத்தின் கதைச் சுருக்கத்தில் அச்சடித்திருப்பார்களா என்று கேட்டுக்கொள்ளுங்கள். கதை எந்த ஊரில் நடக்கிறது, நாயகன் என்ன வேலை செய்கிறான், அவனுக்கு என்ன சிக்கல் வருகிறது, இவை வரை அச்சடிப்பார்கள். முன்னோட்டத்தில் காட்டியதும் அதில் அடங்கும். அதற்கு மேல் உள்ளது வெள்ளித்திரைக்கு.

முதல் நாள், முதல் சில மணி நேரம்

‘லியோ’ 2023 அக்டோபர் 19, வியாழக்கிழமை வெளியானபோது கேரளத்தில் அதிகாலை 4 மணிக்கே காட்சி தொடங்கிவிட்டது. தமிழ்நாட்டில் அரசு அனுமதித்த நேரம் காலை 9 மணி. நம் ஊரில் முதல் காட்சி தொடங்கும் முன்பே எல்லைக்கு அந்தப் பக்கம் படம் முடிந்து, டீ குடித்து, கருத்தும் எழுதிவிட்டார்கள். அமெரிக்காவிலோ பெரிய படங்களுக்கு முதல் நாள் மாலையே சிறப்புக் காட்சி உண்டு; அவர்களுடைய புதன் மாலை நமக்கு வியாழன் அதிகாலை. சிங்கப்பூர்க் கடிகாரம் நம்மைவிட இரண்டரை மணி நேரம் முன்னால் ஓடுகிறது. ஆகவே வெளியூரில் இருக்கும் நண்பர்களே, உங்கள் ஊரில் படம் முடிந்துவிட்டது என்பதால் எங்கள் ஊரில் தொடங்கிவிட்டது என்று பொருளில்லை.

எங்கள் குழுவில் வெளியீட்டு நாளன்று இரவு 12 மணி வரை கதை பற்றி ஒரு சொல்லும் கிடையாது. ‘பார்த்துவிட்டேன், பிடித்தது’, ‘பிடிக்கவில்லை’, ‘ஒலி நன்றாக இருக்கிறது, நல்ல அரங்கில் பாருங்கள்’, இவ்வளவுதான். இருக்கையில் உட்கார்ந்தபடி திரையைப் படம்பிடித்து ஸ்டேட்டஸில் போடுவதையும் அன்றே தடுத்துவிட வேண்டும். நாயகன் அறிமுகத்தைப் பத்து நொடி எடுத்துப் போடுவதைப் பலரும் பக்தியாக நினைக்கிறார்கள். படம் ஓடும்போது அரங்கில் பதிவு செய்து பரப்புவதைத் தடுக்கவே சினிமாட்டோகிராப் சட்டம் 2023-இல் திருத்தப்பட்டது. குறைந்தபட்சத் தண்டனையே 3 மாதச் சிறையும் 3 லட்சம் ரூபாய் அபராதமும். ஒரு கல்லூரி மாணவனுக்கு இதை எடுத்துச் சொன்னபோது அவன் முகம் வெளுத்தது. தெரியாமல்தான் செய்கிறார்கள். சொல்லிவையுங்கள்.

எத்தனை நாள் காக்க வேண்டும்?

ஹாலிவுட்டின் ‘அவெஞ்சர்ஸ்: எண்ட்கேம்’ 2019 ஏப்ரல் 26 அன்று வெளியானபோது அதன் இயக்குநர்களான ரூசோ சகோதரர்கள், முடிவை வெளியே சொல்லாதீர்கள் என்று ரசிகர்களுக்குக் கடிதம் எழுதினார்கள். மே 6 முதல் பேசலாம் என்று பிறகு அவர்களே விடுவித்தார்கள். பத்து நாள். உலகம் முழுக்க ஒரே வாரத்தில் முண்டியடித்துப் பார்க்கப்பட்ட படத்துக்கு அது போதுமானதாக இருந்திருக்கலாம்.

எங்களுக்குப் போதாது. தமிழ்ப் படங்கள் பெரும்பாலும் நான்கு வாரம் கழித்து ஓடிடிக்கு வருகின்றன. ‘மகாராஜா’கூட ஜூலை 12 அன்று நெட்ஃபிளிக்ஸில் வந்துவிட்டது. குழுவில் பாதிப்பேர் அதற்குத்தான் காத்திருக்கிறார்கள். குடும்பத்தோடு திரையரங்குக்குப் போய்வரும் செலவு எவ்வளவு என்று நான் சொல்ல வேண்டியதில்லை. காசு இல்லாததால் பொறுத்திருப்பவருக்கு, பொறுத்ததற்குத் தண்டனையாக முடிவைச் சொல்லிவிடுவது பெரிய அநியாயம் என்று நினைக்கிறேன். ஆகவே ஓடிடியில் வந்து இரண்டு வார இறுதிகள் கடக்கும்வரை பொதுக் குழுவில் முழுக்கதை பேசுவதில்லை. அதற்குள் பேசியே ஆக வேண்டியவர்களுக்கு, அந்தப் படத்தின் பெயரிலேயே ‘பார்த்தவர்கள்’ என்று ஒரு துணைக்குழு திறந்துவிடுகிறோம். பார்த்தபின் தாமாகக் கேட்டுச் சேர்பவர்களுக்கு மட்டும் அங்கே இடம். உண்மையில் எங்கள் மிக நல்ல விவாதங்கள் அந்தத் துணைக்குழுக்களில்தான் நடந்திருக்கின்றன. எதையும் மறைக்க வேண்டியதில்லை என்றதும் மனிதர்கள் எவ்வளவு அழகாகப் பேசுகிறார்கள்!

செய்தியை எப்படி எழுதுவது?

இதைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள். தவறுகளில் பெரும்பகுதி இங்கேதான் நடக்கிறது.

‘ஸ்பாய்லர் எச்சரிக்கை’, அதாவது கதையை உடைக்கப் போகிறேன் என்று மட்டும் போடுவதால் பயனில்லை. எந்தப் படத்துக்கு? படிப்பவர் அதைத் தெரிந்துகொள்ள அடுத்த வரிக்குப் போவார்; அடுத்த வரியில் கதை இருக்கும். படத்தின் பெயர்தான் முதல் சொல்லாக வர வேண்டும். அதையடுத்து எதுவரை பேசப் போகிறீர்கள் என்பது. ‘நீலக்குடை’ என்று ஒரு கற்பனைப் படத்தை வைத்துக்கொள்வோம். நான் இப்படித் தொடங்குவேன்:

‘நீலக்குடை: முடிவு உட்பட முழுக்கதையும் பேசுகிறேன். பார்க்காதவர்கள் இந்தச் செய்தியைத் தாண்டிச் செல்லுங்கள். நேற்று இரவுக் காட்சி பார்த்தேன். அரங்கம் முக்கால்வாசி நிரம்பியிருந்தது. குழந்தைகளும் நிறைய வந்திருந்தார்கள். ஒலி அமைப்பு நன்றாக இருந்தது, குளிர்தான் அதிகம். இடைவேளையில் முறுக்கு தீர்ந்துவிட்டது.’

முறுக்கு எதற்கு என்று கேட்கலாம். பூட்டிய திரையில் வரும் அறிவிப்பில் செய்தியின் தொடக்கம் தெரிகிறது. அந்த இடத்தை யாரையும் புண்படுத்தாத சொற்களால் நிரப்பிவிட்டால் உள்ளே இருப்பது அறிவிப்பில் எட்டிப் பார்க்காது. வரிசையாகப் புள்ளி வைத்து இடைவெளி விடுவார்கள் சிலர். புள்ளிகளை முழுதாக நம்ப முடியாது. சில போன்களில் அவற்றைச் சுருக்கிவிட்டுக் கீழே உள்ளதைக் காட்டிவிடுகிறது. நாலைந்து வரி உண்மையான சொற்கள் பாதுகாப்பானவை. மேலும் செய்தி நீளமாக இருந்தால் வாட்ஸ்அப்பே ‘மேலும் படிக்க’ என்று மடித்துவிடும். அதைத் தொடுவதும் தொடாததும் படிப்பவர் கையில்.

டெலிகிராம் வைத்திருப்பவர்களுக்கு வேலை எளிது. 2021 டிசம்பர் இறுதியில் இருந்து அதில் எழுத்தை மறைக்கும் வசதி இருக்கிறது. மறைக்க வேண்டிய பகுதிக்கு முன்னும் பின்னும் இரண்டிரண்டு செங்குத்துக் கோடுகள் போட்டால் போதும், ||இப்படி||. தொட்டால்தான் எழுத்து தெரியும். அறிவிப்பிலும் மறைந்தே இருக்கும். டிஸ்கார்டிலும் இதே கோடுகள்தாம். ரெடிட்டில் >! என்று தொடங்கி !< என்று முடிக்க வேண்டும். கோட்டுக்கும் சொல்லுக்கும் நடுவே இடைவெளி விடாதீர்கள். மறைக்கும்போது பெயரை மட்டும் மறைத்துவிட்டு ‘கடைசியில் கொலைகாரன் அவனுடைய ||…|| தான்’ என்று எழுதுபவர்கள் உண்டு. உறவுக்காரன் என்பது வெளியே தெரிந்துவிட்டதே! வாக்கியம் முழுவதையும் மறையுங்கள்.

மறுமொழி எழுதும்போது இன்னொரு ஆபத்து. மேற்கோள் காட்டிப் பதில் போட்டால், ஒருவர் கவனமாக மறைத்து எழுதியதில் இருந்து ஒரு வரி மறுபடி வெளியே வந்து நிற்கும். மேற்கோள் இல்லாமல், படத்தின் பெயரை முதலில் எழுதிப் பதில் சொல்லுங்கள். நீளமாகப் பேசத் தோன்றினால் குரல் பதிவு நல்லது. அறிவிப்பில் நீளம் மட்டுமே தெரியும். முதலில் படத்தின் பெயரைச் சொல்லி, ஒரு மூச்சு நிறுத்திவிட்டுத் தொடங்குங்கள். எங்கள் நடத்துநர் அண்ணன் ஒருவர் கடைசி டிரிப் முடித்துப் பணிமனையில் உட்கார்ந்து அனுப்பும் ஆறு நிமிட விமர்சனங்களுக்குத் தனி ரசிகர்களே இருக்கிறார்கள்.

பழைய படம், நாவல், மறுஆக்கம்

எழுபது ஆண்டுப் பழைய படத்துக்கு என்ன ரகசியம் என்று கேட்பார்கள். எஸ். பாலசந்தர் இயக்கிய ‘அந்த நாள்’ 1954-இல் வந்தது; பாட்டே இல்லாத படம்; ஒரு கொலையில் தொடங்கி, சுட்டது யார் என்று தேடிப் போகிறது. போன ஆண்டு எங்கள் குழுவில் பத்தொன்பது வயதுப் பெண் ஒருத்தி அதை முதல்முறை பார்த்துவிட்டு இரவு ஒரு மணிக்கு எனக்குத் தனிச் செய்தி அனுப்பினாள், கைகள் நடுங்குகின்றன அக்கா என்று. அந்த நடுக்கம் அவளுக்குக் கிடைத்தது, அதுவரை யாரும் அவளிடம் போட்டு உடைக்காததால். பழைய படத்துக்குக் கால எல்லை வைக்க முடியாது. பேச வேண்டாம் என்றும் சொல்ல முடியாது. பெயரை முதலில் எழுதும் பழக்கம் ஒன்றே போதும்.

‘பொன்னியின் செல்வன்’ படங்கள் 2022 செப்டம்பரிலும் 2023 ஏப்ரலிலும் வந்தபோது இதே வாதம் சூடாக நடந்தது. கல்கி இதழில் 1950 முதல் 1954 வரை தொடராக வந்த கதை. ஆதித்த கரிகாலன் கொலை பற்றிய உடையார்குடிக் கல்வெட்டோ ஆயிரம் ஆண்டுப் பழையது. இதில் மறைக்க என்ன இருக்கிறது என்றார் நாவலை ஐந்து முறை படித்த ஓர் ஆசிரியர். அவரிடம் நான் கேட்டது ஒன்றுதான்: முதல்முறை படித்தபோது கடம்பூர் மாளிகை அத்தியாயங்களை எத்தனை மணிக்குப் படித்து முடித்தீர்கள், சார்? விடியும்வரை தூங்கவில்லை என்றார். அதன்பிறகு அவர் படம் பார்க்காதவர்களிடம் வந்தியத்தேவனின் குதிரைப் பயணம் பற்றி மட்டுமே பேசினார், அதுவும் மிக இனிமையாக.

மறுஆக்கம் நம் தென்னாட்டில் அடிக்கடி வரும் தொல்லை. மலையாள ‘த்ரிஷ்யம்’ 2013 டிசம்பரில் வந்தது. தமிழ்ப் ‘பாபநாசம்’ 2015 ஜூலையில். நடுவே ஒன்றரை ஆண்டு. மூலத்தைப் பார்த்தவர்கள் அந்த இடைவெளியில் நாலு பேரிடம் சொல்லி முடித்துவிட்டார்கள். மூலப்படம் பழையதாகிவிட்டாலும், இன்னொரு மொழியில் அதே கதை வரப்போகிறது என்று அறிவித்த நாளில் இருந்து அதைப் புதுப்படமாகக் கருதுங்கள். ஒப்பிட்டுப் பேச ஆசையாக இருக்கும். ‘பார்த்தவர்கள்’ குழுவில் ஒப்பிடுங்கள்.

உடைந்துவிட்டால்

முதலில், யாரும் பதில் எழுதாதீர்கள். “ஐயோ, ஏன் சொன்னாய்?” என்று எழுதினால் அது உண்மை என்று உறுதியாகிவிடும், மேலே தேடிப்போய்ப் படிப்பார்கள். நிர்வாகி எவருடைய செய்தியையும் எல்லோருக்குமாக நீக்கலாம்; நீக்கியபின் குழுவைச் சற்று நேரம் நிர்வாகிகள் மட்டும் எழுதும்படி மாற்றிவிடுங்கள். பிறகு எழுதியவரிடம் தனியாகப் பேசுங்கள். ‘மகாராஜா’ வரியை எழுதிய அந்தத் தம்பியிடம் நான் முதலில் பொதுவில் கடுமையாகப் பேசிவிட்டேன். அவன் அழுதுகொண்டே குழுவைவிட்டுப் போனான். அவனுக்கு அந்தப் படம் தாங்கவில்லை, யாரிடமாவது சொல்ல வேண்டியிருந்தது, அவ்வளவுதான். நானே கூப்பிட்டு மன்னிப்புக் கேட்டு அழைத்து வந்தேன். ‘பார்த்தவர்கள்’ குழு வேண்டும் என்று எனக்கு உறைத்தது அன்றைக்குத்தான். இப்போது அதைக் கவனித்துக்கொள்பவன் அவனே. வேண்டுமென்றே, பிறர் வயிற்றெரிச்சலுக்காகவே முடிவை எழுதுபவர்களும் இருக்கிறார்கள். அவர்களை நீக்கிவிடுங்கள், இரண்டாம் வாய்ப்புக் கொடுத்து ஒருமுறைகூட நான் நன்மை கண்டதில்லை.

நம்மை நாமும் காத்துக்கொள்ளலாம். போன் அமைப்பில் அறிவிப்பு முன்னோட்டத்தை நிறுத்துவது இரண்டு நிமிட வேலை. எக்ஸ் தளத்தில் குறிப்பிட்ட சொற்களை முடக்கலாம்: படத்தின் பெயரைத் தமிழிலும் ஆங்கில எழுத்திலும், பாத்திரப் பெயர்களையும் சேர்த்து. யூடியூபின் முகப்புப் படங்களுக்கு மட்டும் தடுப்பு இல்லை. வெளியான வாரத்தில் நான் அதைத் திறப்பதில்லை.

முடிவு தெரிந்தால் ரசனை குறையாது என்று ஓர் ஆய்வையும் எடுத்துக்கொண்டு வருவார்கள். கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தின் சான் டியாகோ வளாகத்தில் லீவிட், கிறிஸ்டன்ஃபெல்ட் என்ற இருவர் செய்து 2011-இல் வெளியானது. முடிவை முன்பே அறிந்தவர்கள் கதையைச் சற்றுக் கூடுதலாகவே ரசித்ததாக அதில் கண்டார்கள். அவர்கள் கொடுத்தவை சிறுகதைகள். படித்தவர்கள் ஆய்வுக்கு ஒப்புக்கொண்டு வந்தவர்கள். ஞாயிற்றுக்கிழமைக்காக வாரம் முழுக்கக் காத்திருந்த என் அப்பாவை யாரும் கேட்கவில்லை.

ஆனால் தெரிந்துகொண்டுதான் போக வேண்டும் என்று உண்மையாகவே விரும்புகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களைக் கேலி செய்யாதீர்கள். என்னோடு வேலை செய்யும் அக்கா ஒருவருக்கு ஏழாம் மாதத்தில் குழந்தை தவறிப்போனது. நான்கு மாதம் கழித்து முதன்முதலாகப் படத்துக்குப் போக மனம் வந்தது. அதில் அப்படி ஏதாவது வருகிறதா என்று என்னிடம் தனியாகக் கேட்டார். வந்தது. இப்படிக் கேட்பவருக்கு நிகழ்ச்சியைச் சொல்லாமல் நேரத்தைச் சொல்லுங்கள். எவ்வளவு தெரிய வேண்டும் என்று முதலில் கேட்டுவிட்டு, அவ்வளவு மட்டும். “இடைவேளை முடிந்து இருபதாவது நிமிடம், மருத்துவமனை வாசலில் ஆட்டோ வந்து நிற்கும். அப்போது எழுந்து போய்விடுங்கள் அக்கா, எட்டு நிமிடம் கழித்து வரலாம்” என்று எழுதினேன். ஆட்டோ வந்ததும் எழுந்துபோய், கேன்டீனில் ஒரு டீ குடித்துவிட்டுத் திரும்பி வந்து மீதிப் படத்தைப் பார்த்தாராம். கடைசிக் காட்சியில் என்ன நடக்கும் என்று அவருக்குத் தெரியாது. இரவு போன் செய்து அரைமணி நேரம் அதைப் பற்றியே பேசினார்.